பாறையின் எண்ணெயா, பாறைமேல் எண்ணெயா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில், 270 கோடி ஆண்டு வயதுள்ள களிப்பாறைக்குள் கொலஸ்ட்ராலின் எச்சம் கிடைத்தது, ஆகவே உட்கரு கொண்ட செல்கள் அப்போதே வாழ்ந்தன என்ற செய்தி 1999இல் வெளிவந்தது. 2008இல் அது ஆட்டம் கண்டது. 2015இல் விழுந்தது. விழுந்த பிறகும் அந்த 270 கோடியை உண்மையாக எடுத்தாள்கிறவர்கள் உண்டு. வேறு சிலர், “அழுக்குப் பட்ட பாறையைப் பார்த்து ஏமாந்தார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதல் தரப்பைத் திருத்துவது எளிது. இரண்டாம் தரப்பின் அந்த ஒற்றை வரிதான் எனக்கு நெடுநாள் உறுத்தல். அந்த ஆய்வைச் செய்தவர்கள் அழுக்கைப் பற்றி அறியாதவர்கள் அல்லர். அன்று கைவசம் இருந்த சோதனைகளைச் செய்துவிட்டுத்தான் எழுதினார்கள். அப்படியும் முடிவு பிழைத்தது என்றால், அந்தச் சோதனைகள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லின, எந்தக் கேள்வியைத் தொடவே இல்லை என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டால் அடுத்த பாறையிலும் இதே பள்ளத்தில் விழுவோம்.

உயிர் விட்டுப்போகும் பொருள்களில் பெரும்பாலானவை வெகு சீக்கிரம் சிதைந்துவிடும். டிஎன்ஏவுக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று, கிரீன்லாந்தின் உறைநிலத்தில் கிடைத்த ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுப் பழையது. கோடிகளில் பேசும்போது அது நேற்றைய சங்கதி. நீண்ட காலம் தாங்குவது கொழுப்பின் கார்பன் எலும்புக்கூடுதான். செல் இறந்து சேற்றில் புதைகிறது. மேலே படிவு ஏற ஏற, வெப்பம் கூடக் கூட, மூலக்கூறில் உள்ள ஆக்சிஜன் கழன்றுபோகிறது, இரட்டைப் பிணைப்புகள் நிறைவுறுகின்றன, வளையங்களின் அடுக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டெரால் ஸ்டெரேன் ஆகிறது. பாக்டீரியாக்களின் கொழுப்பு வகையான ஹோப்பனாய்டு ஹோப்பேன் ஆகிறது. 1930களில் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் கச்சா எண்ணெயில் போர்ஃபிரின்களைக் கண்டு, அவை பச்சையத்தின் வழித்தோன்றல்கள் என்று காட்டியதிலிருந்து இந்தத் துறை தொடங்குகிறது. எந்த நொதி எந்த இடத்தில் கார்பனை ஒட்டியது என்ற வேலைப்பாடு அந்த எலும்புக்கூட்டில் பதிந்திருக்கும். தாமாகவே நடக்கும் வேதிவினைகளில் அந்த வடிவம் கிடைப்பதில்லை. ஆகவே நான்கு வளைய ஸ்டெரேன் ஒன்று கண்ணில் பட்டால் அது உயிரின் வேலையா என்று யாரும் சண்டை போடுவதில்லை. எப்போதைய உயிர் என்பதில்தான் சண்டை.

1999இல் யோகன் பிராக்ஸ், கிரஹாம் லோகன், ரோஜர் பியூக், ரோஜர் சம்மன்ஸ் ஆகிய நால்வரும் சயின்ஸ் இதழில் எழுதியதன் கனம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் இரண்டு வகை மூலக்கூறுகளைச் சொன்னார்கள். முதலாவது 2-மீத்தைல்ஹோப்பேன். அது சயனோபாக்டீரியாவின் அடையாளமாக அப்போது கருதப்பட்டது. ஆகவே ஆக்சிஜனை வெளிவிடும் ஒளிச்சேர்க்கை 270 கோடி ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாவது, 27 முதல் 30 கார்பன் கொண்ட ஸ்டெரேன்கள். ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறைச் செய்து முடிக்க 11 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகின்றன. எனவே ஸ்டெரேன் இருந்தால் ஆக்சிஜனும் இருந்தாக வேண்டும், அநேகமாக யூகேரியோட்டும், அதாவது உட்கரு கொண்ட செல் உயிரும், இருந்தாக வேண்டும். வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலைத்தது ஏறத்தாழ 240 முதல் 230 கோடி ஆண்டுக்கு முன்பு. அதாவது ஆக்சிஜன் உருவாகத் தொடங்கி, காற்றில் தங்க 30 கோடி ஆண்டுகளோ அதற்கு மேலோ பிடித்திருக்கிறது. இந்த இடைவெளியை விளக்க அதன்பிறகு எத்தனையோ மாதிரிகள் எழுதப்பட்டன. எல்லாம் பாறைத்தூளிலிருந்து வடித்த சில துளி எண்ணெயை நம்பி நின்றன.

அந்த எண்ணெய் பாறைக்கே உரியது என்று காட்ட அவர்கள் செய்த முக்கியச் சோதனை, ஒரே பாறைத் துண்டைப் படிப்படியாக வடிப்பது. முழுத் துண்டின் மேற்பரப்பில் இருப்பதைக் கரைப்பானால் கழுவி எடுக்க வேண்டும். பிறகு உடைத்து, இன்னும் நுணுக்கி, உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். வெளிப்பூச்சு மட்டும்தான் என்றால் கழுவியபின் ஒன்றும் வரக்கூடாது. உள்ளிருந்தும் வந்தது. நியாயமான சோதனைதான். ஆனால் அதற்குள் ஒரு எடுகோள் மறைந்திருக்கிறது: வெளியிலிருந்து வந்தது வெளியிலேயே நிற்கும் என்பது. களிப்பாறை ஏடு ஏடாகப் பிரிவது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய வெடிப்புகள் அதில் ஏராளம். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த துளைத்தண்டில், அதாவது நிலத்தைத் துளையிட்டு எடுத்த பாறை உருளையில், எண்ணெய் எவ்வளவு ஆழம் ஊறும் என்று அப்போது யாரும் அளந்திருக்கவில்லை.

எண்ணெய் இல்லாத இடம் எது?

ஊற வேண்டிய எண்ணெய் எவ்வளவு சிறிதாக இருந்தால் போதும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைகோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்தப் பழைய பாறைகளில் பேசப்படும் அளவுகள் ஒரு கிராம் பாறைக்குச் சில பைகோகிராமிலிருந்து சில நூறு பைகோகிராம் வரை. துளையிடும் கம்பியின் மரையில் தடவும் கிரீஸில் ஸ்டெரேன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு, 10 கிராம் பாறைத்தூளில் சேர்ந்தால் கிராமுக்கு 10 பைகோகிராம் வந்துவிடும். கருவி அதைத் தெளிவாகவே காட்டும். வாகன எஞ்சின் எண்ணெயிலும் ஹோப்பேன் உண்டு. நகரத்துக் காற்றில் வாகனப் புகையின் பங்கை அளப்பவர்கள் அதே ஹோப்பேனைத்தான் தடமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆக, சாலையோரம் இருக்கும் ஆய்வகத்தின் ஜன்னல் வழியாகவே ‘ஆதி உயிர்’ உள்ளே வரலாம். மனித விரல்பட்டால் ஸ்குவாலீனும் கொலஸ்ட்ராலும் ஒட்டும். அவற்றையாவது உடனே அடையாளம் கண்டுவிடலாம், ஏனென்றால் அவை சமைபடாத புதுச்சரக்கு. எஞ்சின் எண்ணெயோ ஏற்கெனவே மண்ணுக்குள் வெந்து முதிர்ந்த பழஞ்சரக்கு. அதுதான் ஏமாற்றும்.

பிளாஸ்டிக் பையின் கதை தனி. நான்கு பக்கமும் கார்பன் பிணைந்த கிளைச்சங்கிலி ஆல்கேன் வகை ஒன்று பழைய பாறைகளிலும் புதிய படிவுகளிலும் சீரான வரிசையில் கிடைத்துக்கொண்டிருந்தது. சீரான வரிசை என்றால் உயிரின் கைவேலையாக இருக்கும் என்று, இன்னும் அறியப்படாத ஏதோ ஒரு நுண்ணுயிரின் கொழுப்பாக அதைப் பார்த்தார்கள். 2008இல் பிராக்ஸும் உடனுழைத்தவர்களும் அது பாலிதீன் பையிலிருந்து வருவது என்று காட்டினார்கள். மாதிரியை அழுக்குப் படாமல் காக்கத்தான் அந்தப் பையில் போட்டிருந்தார்கள். அன்று முதல் அந்த ஆல்கேன் வரிசை பயனுள்ள ஒரு எச்சரிக்கை மணி ஆகிவிட்டது: அது தென்பட்டால், அந்தப் பாறைக்குப் பிளாஸ்டிக்கும் அதோடு வேறு என்னென்னவோவும் பட்டிருக்கிறது என்று பொருள்.

இன்று கவனமாக வேலை செய்யும் ஆய்வகம் ஒன்றில் பாறை போகும் பாதை இது. துளைத்தண்டின் வெளிப்புறத்தைச் சில மில்லிமீட்டராவது வைர வாளால் அறுத்துத் தனியே வைக்கிறார்கள். எறிந்துவிடுவதில்லை, அதுவும் ஒரு மாதிரிதான். அறுக்கும்போது குளிர்விக்க ஊற்றும் தண்ணீர் தூய்மையாக இருக்க வேண்டும், வாளில் எண்ணெய் கூடாது. உள்துண்டைக் கரைப்பானில் கழுவி, மீண்டும் கழுவி, ஒவ்வொரு கழுவலையும் தனித்தனியே அளக்கிறார்கள். கண்ணாடிக் கலங்கள், அலுமினியத் தாள், கண்ணாடிப் பஞ்சு, சிலிக்கா எல்லாம் 450 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டெடுத்தவை. அந்த வெப்பத்தில் கரிமப் பொருள் எரிந்துபோகும். பிறகு எஃகு வளைய அரைவையில் மாவாக அரைக்க வேண்டும். முந்தைய பாறையின் மிச்சம் அரைவையின் இடுக்கில் ஒட்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பாறைக்கும் முன்னால், சுட்டெடுத்த மணலைப் பலமுறை அரைத்து எறிய வேண்டும். கடைசியாக அரைத்த மணலை எறியாமல், அதையும் ஒரு பாறை போலவே பாவித்து, எல்லாப் படிகளிலும் கூடவே அழைத்துச் செல்கிறார்கள். அதுதான் வெற்று மாதிரி.

அரைத்த தூளை டைகுளோரோமீத்தேனிலோ அதோடு மெத்தனால் கலந்தோ வடித்தால் கரைந்து வருவது பிட்டுமென். கரையாமல் நிற்கும் கரிமப் பொருள் கெரோஜன். வடிநீரில் கந்தகம் இருக்கும். செம்புத் துருவலை அமிலத்தில் கழுவிப் பளபளவென்று ஆக்கி உள்ளே போட்டால் கந்தகம் அதில் பிடித்துக் கறுக்கும். பிறகு கரைப்பானை ஆவியாக்கிச் சுருக்க வேண்டும். இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும் இடம் இது. முழுக்க உலரவிட்டால் 15 கார்பனுக்குக் கீழே உள்ள இலேசான மூலக்கூறுகள் காற்றோடு போய்விடும். அடுத்தது அதைவிட மோசம்: 100 மில்லிலிட்டர் கரைப்பானை 100 மைக்ரோலிட்டராகச் சுருக்கும்போது, பாறையின் எண்ணெய் மட்டும் செறிவடைவதில்லை, கரைப்பானில் இருந்த மாசும் ஆயிரம் மடங்கு செறிவடைகிறது. புட்டியில் ‘மிகத் தூய’ என்று எழுதியிருப்பதை நம்பாமல், ஒவ்வொரு புட்டியையும் இதேபோல் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நைட்ரஜன் ஊதும் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கிருந்தும் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டு வந்து சேரும். சுருக்கியதைச் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் ஊற்றி, முதலில் ஹெக்சேன் விட்டால் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் இறங்கும். ஹெக்சேனோடு டைகுளோரோமீத்தேன் கலந்து விட்டால் நறுமண வளையச் சேர்மங்கள் இறங்கும். மற்றவை அதற்குப் பின்.

வாயு நிறப்பகுப்பியும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்த கருவியில் ஹோப்பேனுக்கு 191, ஸ்டெரேனுக்கு 217 என்ற நிறையுள்ள துண்டுகளைப் பார்க்கிறார்கள். மிகக் குறைந்த அளவுக்கு அது போதாது. தாய் மூலக்கூறையும் அது உடைந்து தரும் துண்டையும் இணையாகக் கேட்க வேண்டும்: 372இலிருந்து 217 வந்தால் 27 கார்பன் ஸ்டெரேன், 412இலிருந்து 191 வந்தால் 30 கார்பன் ஹோப்பேன். இப்படிக் கேட்டால் ஃபெம்டோகிராம் வரை, பைகோகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை, தெரியும். கருவி இவ்வளவு கூர்மையாகிவிட்டதால் நன்மை மட்டும் வந்துவிடவில்லை. இந்த அளவில் தேடினால் எதிலும் ஏதாவது கிடைக்கும், மணலில்கூட. ஆகவே பாறையின் வரைகோட்டைக் காட்டுகிறவர் வெற்று மாதிரியின் வரைகோட்டையும் அதே அளவுகோலில், அதே பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. “வெற்று மாதிரி சுத்தமாக இருந்தது” என்ற வாக்கியம் எண் இல்லாமல் வந்தால் அதற்கு மதிப்பில்லை. எத்தனை பைகோகிராமுக்குக் கீழே சுத்தம்?

முதிர்ச்சி வயது அல்ல

பழைய வாதங்களில் மிகவும் பலமாகத் தோன்றியது முதிர்ச்சி. உயிருள்ள செல்லில் ஹோப்பனாய்டு ஒரு குறிப்பிட்ட முப்பரிமாண வடிவில் மட்டுமே இருக்கும். வெப்பம் ஏறும்போது சில கார்பன்களில் திசை மாறி, கடைசியில் ஒரு சமநிலைக்கு வரும். 22ஆம் கார்பனில் எஸ் வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 0.6 வரை ஏறி நின்றுவிடும். ஸ்டெரேனின் 20ஆம் கார்பனில் 0.55க்கு அருகே நிற்கும். பாறைச்சாற்றில் இந்த எண்கள் இருந்தால் அது இன்றைய பாக்டீரியாவின் கறை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அவ்வளவுதான் சொல்லலாம். 20 கோடி ஆண்டுப் பழைய எண்ணெய் வயலிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கிரீஸிலும் இதே 0.6 இருக்கும். இந்த விகிதம் காட்டுவது மூலக்கூறு பட்ட சூட்டை. அது எந்தப் பாறைக்குள் பட்ட சூடு என்பதற்கு அதில் விடை இல்லை.

இதைத் திருப்பிப் பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வலுத்திருக்கும். எண்ணெய் உருவாவது ஏறக்குறைய 60 முதல் 150 டிகிரிக்குள். பில்பராவின் அந்தப் படிவுகள், மென்மையாகவே உருமாறியவை என்று பெயர் எடுத்திருந்தாலும், 200 டிகிரிக்கு மேல் வெந்தவை. அங்கே கெரோஜனில் ஹைட்ரஜன் அநேகமாக வற்றிவிட்டது. அவ்வளவு சூடு பட்ட பாறையில் ஸ்டெரேனின் வளைய அடுக்கு உடையாமல் நின்றது எப்படி? மூலக்கூறு காட்டும் முதிர்ச்சியும் பாறை காட்டும் முதிர்ச்சியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. சிறிதளவு மூலக்கூறு கனிம இடுக்குகளில் பிழைத்திருக்கலாம் என்று அப்போது வாதிட முடிந்தது. அது முற்றிலும் அபத்தமான வாதமும் அல்ல.

வாள் காட்டியது

2008இல் பிர்கர் ராஸ்முசென், இயன் ஃப்ளெட்சர், மேட் கில்பர்ன் ஆகியோருடன் பிராக்ஸும் சேர்ந்து நேச்சரில் எழுதினார். அவர்கள் பாறையை அரைக்கவில்லை, வடிக்கவில்லை. அரைத்தால் எது எங்கே இருந்தது என்ற தகவல் அழிந்துவிடும். நானோசிம்ஸ் என்ற அயனிக் கருவியால், பாறைக்குள் இருந்த கெரோஜன் துணுக்குகளையும், பாறை வெந்தபோது கெட்டியாகி உறைந்துபோன பழைய எண்ணெயையும், இருந்த இடத்திலேயே அளந்தார்கள். அவற்றில் கார்பனின் கனமான ஐசோடோப்பான கார்பன்-13, வடித்தெடுத்த எண்ணெயில் இருப்பதைவிட ஆயிரத்துக்கு 10 முதல் 20 பங்கு வரை குறைவு. ஒரே கெரோஜனிலிருந்து பிறந்த எண்ணெய்க்கும் அந்தக் கெரோஜனுக்கும் இவ்வளவு வேறுபாடு வராது. பாறையின் சொந்த எண்ணெய் உறைந்துபோய் அங்கேயே இருக்கிறது. வடித்தெடுத்தது பாறை வெந்து தணிந்த பிறகு, அதாவது 220 கோடி ஆண்டுக்குப் பின் எப்போதோ, நுழைந்தது. பாறைக்குள் நிலத்தடியிலேயே நுழைந்ததா, துளையிட்டபோது நுழைந்ததா, பெட்டியில் கிடந்தபோதா என்பதை ஐசோடோப்பு சொல்லவில்லை.

அதைச் சொல்ல வாள் வந்தது. 2011இல் பிராக்ஸ், முதலில் ஆராய்ந்த அதே துளைத்தண்டுகளின் மிச்சத்தை எடுத்து, வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைகளாக அறுத்து, ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியே வடித்து அளந்ததை வெளியிட்டார். இந்த ஒரு வேலையைத்தான் நான் முழுக் கதையின் திருப்பமாகப் பார்க்கிறேன், அதிகம் பேசப்படும் 2008ஐவிட. எண்ணெய் பாறையின் சொத்து என்றால் வெளியிலும் நடுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்க வேண்டும். ஆனால் மேற்பரப்பில் குவிந்து, உள்ளே போகப் போகச் சரிந்தது. இங்கே ஒரு எதிர்வாதமும் இருக்கிறது, அவரே அதை எடுத்துப் பரிசீலித்தார்: பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து தண்டு மேலே வரும்போது அழுத்தம் இறங்குகிறது, உள்ளே இருந்த சொந்த எண்ணெயே வெளிப்புறம் கசிந்து குவிந்திருக்கலாம் அல்லவா? இரண்டையும் பிரித்தறிய மொத்த அளவு போதாது, மூலக்கூறுகளின் விகிதம் வேண்டும். சிறியவை வேகமாக நகரும், பெரியவை மெதுவாக. உள்ளிருந்து கசிந்தது என்றால் வேகமானவை வெளியே அதிகம் சேர்ந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து ஊறியது என்றால் வேகமானவைதான் உள்ளே ஆழமாகப் போயிருக்க வேண்டும். சாட்சியம் வெளியிலிருந்து ஊறியதன் பக்கமே சாய்ந்தது. முன்பு நியாயமாகத் தெரிந்த படிப்படியான கழுவல் ஏன் தோற்றது என்பதும் இதில் விளங்குகிறது. பாறையின் உட்புறம் என்று அன்று நினைத்தது போதிய அளவு உட்புறமாக இல்லை.

இதற்குப் பிறகும் ஒரு வழி மீதி இருந்தது: அதே பாறை அடுக்கை, எண்ணெயே படாமல் புதிதாகத் துளையிட்டுப் பார்ப்பது. அகுரான் நிறுவனத்தின் ஆதரவில் 2012இல் பில்பராவில் துளையிட்டார்கள். துளையிடும் கருவியிலிருந்து மாதிரி எடுக்கும் கைவரை ஹைட்ரோகார்பன் அண்டாத நடைமுறை. மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கேத்ரின் ஃபிரெஞ்ச் முதல் ஆசிரியராக 2015இல் வந்த முடிவில் எண்கள் தெளிவாக இருக்கின்றன. புதிய தண்டுகளில் ஹோப்பேனும் ஸ்டெரேனும் பெரும்பாலும் கண்டறியும் எல்லைக்கே கீழே. தென்பட்ட இடங்களிலும் மொத்த ஹோப்பேன் கிராமுக்கு 37.9 பைகோகிராமுக்குக் கீழ், ஸ்டெரேன் 32.9க்குக் கீழ். வெற்று மாதிரியிலும் அதே அளவுதான். பழைய முறையில் துளையிட்டு வைத்திருந்த, அதே காலத்து அடுக்குகளின் தண்டுகளில் வெளிப்புறத்தில் மட்டும் ஹோப்பேன் 389.5 வரை, ஸ்டெரேன் 1,039 பைகோகிராம் வரை. ஆனால் பாறை வெறுமையாக இல்லை. பலவளைய நறுமணச் சேர்மங்களும், வைரம் போன்ற கூண்டமைப்புள்ள டயமண்டாய்டுகளும் ஒவ்வொன்றும் கிராமுக்கு 80 நானோகிராம் வரை, அதாவது 80,000 பைகோகிராம் வரை, சாற்றில் இருந்தன. கடும் சூட்டில் கடைசியாக மிஞ்சக்கூடியவை இவைதான். அந்தப் பாறை தன் சொந்த எண்ணெயை வைத்திருக்கிறது. அது வெந்து வெந்து, யாருடையது என்ற அடையாளம் போய்விட்ட எண்ணெய்.

2015 கட்டுரையின் ஆசிரியர் வரிசையின் கடைசியில் மூன்று பெயர்கள்: பிராக்ஸ், பியூக், சம்மன்ஸ். 1999 கட்டுரையின் நால்வரில் மூவர். தங்கள் பெயரை உலகறியச் செய்த முடிவை, இன்னும் கடினமான சோதனையைத் தாங்களே வகுத்து, தாங்களே இறக்கிவைத்தார்கள். “ஏமாந்தார்கள்” என்ற ஒற்றை வரியை என்னால் ஏற்க முடியாததற்கு இது முதன்மையான காரணம். பாலிதீன் மணி, வில்லை அறுப்பு, எண்ணெய் படாத துளையிடல் என்று இன்று இந்தத் துறை நம்பி நிற்கும் கருவிகளில் பலவும் அந்தப் பிழையைத் துரத்திச் சென்றபோது கிடைத்தவை.

பூட்டிய அறைகள்

எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வில்லை அறுப்பது தவிர வேறு விடைகளும் உண்டு. கெரோஜனோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்ட மூலக்கூறு பின்னாளில் ஊறி வந்ததாக இருக்க முடியாது. அதை விடுவிக்க ஹைட்ரஜன் வெப்பச்சிதைவு என்ற முறை இருக்கிறது. கரைப்பானால் முற்றிலும் வடித்த தூளில் மாலிப்டினம் வினையூக்கியைச் சேர்த்து, ஏறத்தாழ 150 மடங்கு வளிமண்டல அழுத்தமுள்ள ஹைட்ரஜனில் 520 டிகிரி வரை சூடேற்றுவார்கள். முதலில் 350 டிகிரியில் ஒருமுறை நிறுத்தி, ஒட்டிக்கொண்டிருக்கும் எஞ்சிய பிட்டுமெனை விரட்டிவிட வேண்டும். அந்தப் படியைத் தவிர்த்தால் ஒட்டியதையே கட்டுண்டது என்று படித்துவிடுவோம். பில்பராவின் புதிய தண்டுகளில் இதையும் செய்தார்கள். நறுமணச் சேர்மங்கள் கிராமுக்கு 1,000 நானோகிராம் வரை வந்தன, ஸ்டெரேனும் ஹோப்பேனும் வெற்று மாதிரியின் அளவைத் தாண்டவில்லை. இன்னொரு பூட்டிய அறை, குவார்ட்ஸ் படிகத்துக்குள் சிறைப்பட்ட எண்ணெய்த் துளி. கனடாவின் எலியட் லேக் பகுதியில் ஏறத்தாழ 245 கோடி ஆண்டுப் பழைய மாட்டினெண்டா படிவில் அப்படிப்பட்ட துளிகள் உண்டு. மணிகளின் வெளிப்புறத்தை அமிலத்திலும் கரைப்பானிலும் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசிக் கழுவலில் ஒன்றும் வராத பிறகுதான் உடைக்க வேண்டும். படிகத்தின் வெடிப்பு ஒன்று மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த அறை பூட்டிய அறை அல்ல. மிக மெதுவான வேலை, கிடைப்பதோ மிகச் சொற்பம். ஆனாலும் இந்த வழியில் எனக்கு மதிப்பு அதிகம்.

வயது உறுதியான பிறகும் யாருடையது என்ற கேள்வி நிற்கும். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2-மீத்தைல்ஹோப்பேன் சயனோபாக்டீரியாவின் முத்திரை என்ற கருத்து 2007இலேயே தளர்ந்தது. ஆக்சிஜனே வெளிவிடாத ரோடோசூடோமோனாஸ் பலுஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா அதை நன்றாகச் செய்கிறது. ஜெமாட்டா போன்ற சில பாக்டீரியாக்கள் எளிய ஸ்டெரால்களையும் செய்கின்றன. ஓமானின் பாறைகளில் 63.5 கோடி ஆண்டுக்கு முன்பே கடற்பஞ்சு இருந்ததாகச் சொல்ல உதவிய 30 கார்பன் ஸ்டெரேனுக்கும், பாசியின் ஸ்டெரால் மண்ணுக்குள் மாற்றமடைந்தே அது பிறந்திருக்கலாம் என்று 2021இல் எதிர்விளக்கம் வந்தது. மாறாக, ரஷ்யாவின் வெண்கடலோரத்தில் 55.8 கோடி ஆண்டுப் பழைய டிக்கின்சோனியா படிமத்தின் மேல் படிந்திருந்த மெல்லிய படலத்தில் கொலஸ்ட்ரால் வகை மிகுந்திருந்ததையும், சுற்றியிருந்த பாறையில் அந்த விகிதமே வேறாக இருந்ததையும் 2018இல் காட்டியபோது, அது விலங்கு என்பது பலமாக நின்றது. காரணம், அங்கே எங்கே என்ற கேள்விக்குப் படிமத்தின் விளிம்பே பதில் சொல்லிவிட்டது.

பார்க்காத ஜன்னல்

இப்போது ஐயத்துக்கு இடமில்லாத மிகப் பழைய ஸ்டெராய்டுகள் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், பார்னி கிரீக் படிவில் இருக்கின்றன. வயது 164 கோடி ஆண்டு. அந்தப் பாறை அதிகம் வேகவில்லை. ஊதா, பச்சைக் கந்தக பாக்டீரியாக்களின் நிறமிகள் விட்டுச்சென்ற எலும்புக்கூடுகள்கூட அதில் தப்பியிருக்கின்றன. 2005இலேயே அந்த நிறமிகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் யூகேரியோட்டின் வழக்கமான ஸ்டெரேன்கள் அங்கே இல்லை. 217 என்ற ஜன்னலைத் திறந்தால் வெறுமைதான். அதனால் அந்தக் கடலில் யூகேரியோட்டே இல்லை, அல்லது மிகச் சொற்பம் என்று எண்ணினார்கள். 2023இல் பிராக்ஸ், பெஞ்சமின் நெட்டர்ஷைம் உள்ளிட்டவர்கள் வேறு ஜன்னலைத் திறந்தார்கள். செல் கொலஸ்ட்ராலைச் செய்யும் வழியில் லானோஸ்டெரால் போன்ற இடைநிலைகள் வருகின்றன. இவை ஒருகாலத்தில் இடைநிலையாக இல்லாமல் இறுதிப் பொருளாகவே இருந்திருக்கலாம் என்று, கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையை ஆராய்ந்ததற்காக 1964இல் நோபல் பெற்ற கோன்ராட் பிளாக் கருதியிருந்தார். அந்த இடைநிலைகள் மண்ணுக்குள் வெந்தால் எந்த வடிவம் பெறும் என்று தெரியாமல் பாறையில் தேட முடியாது. ஆகவே இன்றைய மூலக்கூறுகளை ஆய்வகத்திலேயே மாற்றி, அவற்றின் ‘புதைபடிவ’ வடிவங்களைச் செய்து, கருவியில் அவை எந்த நேரத்தில் எந்த நிறையில் வரும் என்று முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு பாறைச்சாற்றில் பார்த்தால், அந்த இடைநிலைகளின் எச்சங்களான மூலஸ்டெராய்டுகள் தாராளமாக இருந்தன. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுக்கு முன்பு வரை பல நீர்நிலைகளின் படிவுகளில் அவையே பரவலாக இருக்கின்றன. வழக்கமான ஸ்டெரால்கள் மேலோங்குவது அதற்குப் பின்புதான்.

250 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆர்க்கியன் யுகத்து எந்தப் படிவும் இப்படிப்பட்ட மூலக்கூறு தாங்கும் அளவுக்குக் குறைந்த சூட்டோடு தப்பியதாக இன்னும் அறியப்படவில்லை. இருந்தால் எப்படித் தேடுவது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. வடிப்பதற்கு முன்னால், நகக்கண் அளவு துண்டில், லேசர் ஒளி சிதறுவதைப் படிக்கும் ராமன் நிறமாலையால் கார்பனின் ஒழுங்கைப் பார்த்துவிட வேண்டும். கிராஃபைட்டை நோக்கி ஒழுங்கு கூடியிருந்தால் அந்தப் பாறையில் ஸ்டெரேன் தேடிக் கரைப்பானை வீணாக்க வேண்டியதில்லை. துளையிடும் இடத்தில் கிரீஸ், துளைநீர், பெட்டியின் பெயின்ட், குறியிடும் பேனாவின் மை ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சேமித்துத் தண்டோடு கூடவே அனுப்ப வேண்டும். தண்டைப் பாலிதீனில் போடாமல், சுட்டெடுத்த அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். அருகிலேயே, கரிமப் பொருளே இருக்க வாய்ப்பில்லாத எரிமலைப்பாறை அடுக்கு ஒன்று இருந்தால் அதையும் அதே துளையில், அதே கருவியில் எடுக்க வேண்டும். அந்த எரிமலைப்பாறையிலும் ஹோப்பேன் வந்தால், களிப்பாறைப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்.